பன்னிரண்டு ஸ்லைடுகளும் உன் கையெழுத்தும்

தம்பி,

நீ அனுப்பிய பன்னிரண்டு படங்களையும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் நீ கேட்டது ஒன்றுதான். "ம்மா, இது ஹமீது மாமா எடுத்ததுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்." அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றதும், "எதைக் காட்டினாலும் உனக்குச் சந்தேகம்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹமீது அண்ணனின் படங்கள் புத்தகமாகி ஊர் பார்க்கப்போகின்றன. அவற்றைப் பற்றிய கேள்வியும் ஊர் பார்க்கும் இடத்தில் இருப்பதுதான் நியாயம்.

எனக்குத் தெரிந்ததை வரிசையாக வைக்கிறேன். தவறு இருந்தால் திருத்து. மறைந்த ஹமீது அண்ணன் நாகப்பட்டினத்துக்காரர். நான் தஞ்சாவூரில் ஒரு வாரப் பத்திரிகைக்கு நிருபராக இருந்த காலம் முழுவதும் எனக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர். பத்திரிகைக்குக் கறுப்பு வெள்ளையில் எடுப்பார், தனக்காக வண்ணத்தில் எடுப்பார். வண்ணப் படங்களில் பெரும்பகுதியைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. உயரத்தில் இருந்ததால் தப்பித்த இரண்டு பெட்டிகளை வைத்து நீ சென்னையில் ஒரு புத்தகம் தயாரித்திருக்கிறாய், ஒரு கண்காட்சியும் ஏற்பாடு செய்திருக்கிறாய். கண்காட்சி வெளிநாடு போகிறது, அடுத்த வாரம் நீயும் கூடவே விமானம் ஏறுகிறாய். இந்த நேரத்தில் பழைய படங்கள் சேகரிக்கும் ஒருவர் இன்னும் பன்னிரண்டு ஸ்லைடுகளைக் கொண்டுவந்திருக்கிறார். மூடிப்போன ஒரு ஸ்டுடியோவில் கிடைத்ததாம். 'இவை ஹமீது எடுத்தவையே' என்று தொகுப்பாசிரியரான நீ கையெழுத்திட்டால் அவையும் புத்தகத்தில் சேரும். எந்த ஸ்டுடியோ, யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "அவரு பெரிய ஆளும்மா" என்றாய். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கொண்டுவந்தவர் எவ்வளவு பெரியவர் என்று பதில் வந்தால், நான் நோட்டை மூடுவதில்லை.

புத்தகத்தின் பின்னட்டையில் 'தமிழகத்தின் முதல் வண்ணப் புகைப்படக் கலைஞர்' என்று போட்டிருக்கிறாய். அந்த 'முதல்' என்ற சொல்லை எடுத்துவிடு. முதல் என்பதை நீ எப்படிச் சரிபார்த்தாய்? அப்போதே கல்யாணத்துக்கும் காலண்டருக்கும் சினிமாவுக்கும் வண்ணத்தில் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் பக்கத்தில் செய்திக்காக வண்ணத்தில் எடுத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அதைச் சொன்னால் போதும், அதுவே பெரிய விஷயம். கடைமடையில் தண்ணீர் வராமல் சம்பா கருகிய ஒரு வருடம், நானும் அவரும் நன்னிலம் பக்கம் போயிருந்தோம். நான்கு படம் எடுத்தவர் அந்தக் கேமராவைப் பையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். "அண்ணே, கலரைப் பத்திரிகையில போட மாட்டாங்களே" என்றேன். "போடாட்டிப் போறாங்க தங்கச்சி. கறுப்பு வெள்ளையில காஞ்ச பயிரும் ஒண்ணுதான், விளைஞ்ச பயிரும் ஒண்ணுதான். நாளைக்கு ஒருத்தன் இதைப் பார்த்துட்டு அமோக விளைச்சல்னு சொன்னா நான் என்ன பண்றது?" என்றார். ஊருக்கு வந்து கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. கருகிய வயல் அறுவடைக்குத் தயாரான வயல் போலவே இருந்தது. எங்கள் பத்திரிகை அதைத்தான் போட்டது. கீழே நான் எழுதிய வரி இல்லையென்றால் யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது.

அவர் வேலை செய்யும் விதத்தை இரண்டு வருடத்துக்கு முன் உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீயும் முன்னுரையில் எழுதியிருக்கிறாய். ஆனாலும் இங்கே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு கேமராக்களும் துணிக்கடை மஞ்சள் பையில்தான் இருக்கும். வண்ணத்துக்கு உரியதை அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தார். அதன் கறுப்புப் பூச்சு தேய்ந்து விளிம்பெல்லாம் பித்தளை தெரியும். லென்ஸ் ஒன்றுதான். கிட்டே தெரிய வேண்டுமென்றால் நடந்து கிட்டே போவார். வெளிச்சம் அளக்கும் கருவி கிடையாது, உள்ளங்கையை நீட்டிப் பார்த்து அளப்பார். வண்ணத்தில் ஒரு காட்சிக்கு ஒரே படம். வண்ண ஃபிலிமை மீன்பிடித் துறைமுகத்தில் தெரிந்தவர் ஒருவரின் ஐஸ் கம்பெனியில், பாலிதீனில் சுற்றி வைத்திருப்பார். முந்தின நாளே வெளியே எடுத்துக் குளிர் போன பிறகுதான் டப்பாவைத் திறப்பார். அப்படியும் மீன் வாடை வரும். "பம்பாய்ல கழுவுறவனுக்கு நம்ம ஊரு எங்க இருக்குன்னு இதை வச்சே தெரிஞ்சிடும்" என்பார். வானம் நீலமாக இருந்தால் வண்ணக் கேமராவை எடுக்கவே மாட்டார். மழை விட்டும் விடாமலும் இருக்கிற வெளிச்சத்தில்தான் எடுப்பார். அடி பம்பைச் சுற்றி நிற்கிற பிளாஸ்டிக் குடம், வரப்பில் கிடக்கிற உரச் சாக்கு, அரைவை மில்லின் துருப்பிடித்த தகரம் என்று நான் திரும்பிப் பார்க்காத பொருள்களாகவே இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு சுருளிலும் முதல் படமாகத் தன் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை நிழலில் விரித்து எடுப்பார். ஐஸில் கிடந்த ஃபிலிம் நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ள. ஸ்லைடு என்பது சுருளின் ஒவ்வொரு படத்தையும் தனியே வெட்டிச் சின்ன அட்டைச் சட்டத்தில் வைத்துத் தருவது. அட்டையின் மூலையில் அது சுருளில் எத்தனையாவது படம் என்ற எண் இருக்கும். பம்பாயிலிருந்து தபால் வந்ததும் ஒன்றாம் எண்ணைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நான் பார்த்தவரையில் அவருடைய ஒன்றாம் எண் எல்லாமே துண்டுதான். நீ வைத்திருக்கும் இரண்டு பெட்டிகளிலும் அப்படித்தான் இருக்கிறது. எண்ணிச் சொன்னவன் நீதான்.

இப்போது உன் பன்னிரண்டு படங்கள். ஏழில் முழு நீல வானம். நான்கில் நிழல் காலடியிலேயே கிடக்கிறது, அதாவது உச்சி வெயில். ஒரே தேர் இரண்டு படங்களில், இரண்டடி தள்ளி நின்று எடுத்தது. இவை எதுவும் தீர்ப்பு இல்லை. மனிதன் ஒரு நாள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். என் சந்தேகத்தை நானே நம்பாததற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அதை உன் அப்பாவிடமும் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முந்தைய ஒரு புரட்டாசி. வலங்கைமான் பக்கம் நடவு நடக்கும் ஓர் ஊருக்கு நானும் ஹமீது அண்ணனும் தனித்தனியாகப் போனோம். அவர் முதல் பஸ்ஸில் போய்விட்டார். நான் அங்கே இறங்கும்போது மணி ஒன்பதரை. தூறல் நின்று வெயில் வந்திருந்தது. பெண்களோடு பேசிக் குறிப்பு எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் அன்று காலை வண்ணத்தில் எடுத்த ஒரு படத்தை ஆசிரியருக்கு அனுப்பினார். பச்சை நாற்றுக்கும் சேற்றுக்கும் நடுவே குனிந்து நிற்கும் ஒன்பது பெண்கள். நடுவில் ஒருத்தியின் புடவை மட்டும் ரத்தச் சிவப்பு. ஆசிரியர் அசந்துபோனார். வழக்கமாக நடிகை வரும் அட்டையில் அந்த வாரம் இதைப் போடுவதாக முடிவு செய்தார். ஹமீது அண்ணனின் வண்ணப் படம் அச்சேறப்போவது அதுதான் முதல் தடவை. அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்டினார்கள். எனக்கு அந்தச் சிவப்பு உறுத்தியது. அந்த ஒன்பது பேரையும் நான் பார்த்தவள், சிவப்பு யாரும் கட்டியிருக்கவில்லை. புடவை கொடுத்துக் கட்டச் சொல்லி எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதினேன்: 'அன்று காலை நான் அங்கே இருந்தேன். அந்த வரிசையில் சிவப்புப் புடவை யாரும் கட்டியிருக்கவில்லை.' அட்டையில் நடிகையே வந்தார். அடுத்த முறை பார்த்தபோது ஹமீது அண்ணன், "அட்டையில அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். அதன் பிறகு எங்கள் பத்திரிகைக்கு அவர் ஒரு வண்ணப் படம்கூட அனுப்பவில்லை.

அடுத்த வருடம் அதே ஊருக்கு வேறு வேலையாகப் போனேன். படத்தில் நடுவில் நின்ற பெண் வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் கிடந்த புடவை ரத்தச் சிவப்பு. அதையே பிழிந்து வேலியில் போட்டாள். நான் அவளோடு பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் செங்கல் நிறமானது. "போன வருசம் நடவுக்கு இதைத்தான் கட்டியிருந்தீங்களா?" என்றேன். "நடவுக்குன்னு தனியா புடவை வாங்க நான் என்ன பண்ணைவீட்டு மருமகளா? வெளியில கட்டிக்க இது ஒண்ணுதான். அன்னைக்குக் காலையில தூத்தல்ல தொப்பலா நனைஞ்சுட்டோம், நீங்க வர்றப்பதான் காஞ்சுது" என்றாள். நான் எழுதிய சீட்டில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் படத்தில் இருந்தது அவர் பார்த்தது, ஏழு மணிக்கு இருந்தது. ஊர் திரும்பினேன். ஆசிரியருக்கு இன்னொரு சீட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மாதங்கள் போய்விட்டன, இனி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், நான் தவறு செய்தேன் என்று ஆசிரியருக்குத் தெரிவதை நான் விரும்பவில்லை. அப்போது பத்திரிகையில் நான் ஒருத்திதான் பெண். ஒரு தவறு போதும், அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயம் நிஜம்தான். ஆனால் அதன் விலையை வேறு ஒருவர் தலையில் வைத்தேன்.

இந்த முறை நானாக முடிவு செய்யக்கூடாது என்று முந்தாநாள் நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். ஹமீது அண்ணனின் மனைவி மைமூன் அக்கா இப்போது நாகூர் ரோட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். உன் படங்களைப் போனில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பொறுமையாகப் பார்த்தார்.

"எந்த ஊருன்னு தெரியுதாக்கா?"

"ஊரெல்லாம் தெரியுது. ஆளுதான் தெரியல."

"எந்த ஆளு?"

"எடுத்த ஆளு. அவுங்க படத்துல வானத்துக்கு எங்க இடம் இருக்கும்? இதுல முக்காவாசி வானம். வானத்தை எடுக்க ஃபிலிம் எதுக்கு, மாடியில போயி மல்லாந்து படுத்தாப் பத்தாதா?"

"அப்ப தம்பிகிட்ட இல்லைன்னு சொல்லிடட்டுமாக்கா?"

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குச் சொல்லணும்? கடலு எவ்வளவோ கொண்டு போச்சு. பன்னெண்டை யாரோ கொண்டாந்து வச்சிருக்கான். அவுங்க பேருல வரட்டுமே" என்றார். நான் போனைப் பைக்குள் வைத்தேன். "அன்னைக்கு நெசத்தைப் பொய்யின்னு எழுதிக் குடுத்தீங்க. இன்னைக்குப் பொய்யை நெசம்னு சொன்னா என்ன கொறைஞ்சு போயிடும், ரிப்போர்ட்டரம்மா? சரிக்குச் சரியாப் போயிடும்ல."

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாம? பத்திரிகைக்காரரு அந்த ஸ்லைடைத் திருப்பி அனுப்பினாருல்ல, உறைக்குள்ள உங்க சீட்டும் சேர்ந்துதான் வந்துச்சு. வேணும்னு வச்சாரோ, கை தவறி வந்துச்சோ."

"அண்ணன் என்ன சொன்னாங்க?"

"ரெண்டு தடவை படிச்சாங்க. 'தங்கச்சி ஒன்பதரை பஸ்ல வந்துச்சு'ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் என்னைச் சோறு போடச் சொன்னாங்க."

தம்பி, அந்தச் சீட்டுக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நான் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன். எத்தனையோ பஸ்களில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மவுத்தாகி அடக்கமான அன்று நாகப்பட்டினம் போய் மைமூன் அக்கா பக்கத்தில் இருந்திருக்கிறேன். எங்கே தவறினேன் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அவர் கேட்கவில்லை, நான்தான் அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் திருவாரூர் தாண்டும்வரை மைமூன் அக்கா சொன்னதையே யோசித்தேன். ஆசையாகத்தான் இருந்தது. ஆமாம் என்று உனக்கு ஒரு வார்த்தை சொன்னால் நீ சந்தோஷமாக விமானம் ஏறுவாய், அக்காவுக்கும் ஆறுதல், எனக்கும் ஏதோ தீர்த்துவிட்டதுபோல் இருக்கும். ஆனால் நாளைக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் நீல வானத்தையும் தேரையும் பார்த்து, இவருக்கும் காலண்டர் எடுத்தவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்பார்கள். நான் ஒரு படத்தைத்தான் அட்டையிலிருந்து இறக்கினேன். இது அவர் கண்ணையே மாற்றி வைப்பது. என்னால் ஆமாம் சொல்ல முடியாது.

இனி, போனில் சொல்லத் துணியாததைச் சொல்கிறேன். முதலில் நீ அனுப்பியவை அட்டைச் சட்டம் இல்லாத படங்கள். எண்கள் தெரிய வேண்டும், அட்டையோடு அனுப்பு என்றேன். ஒரு நாள் கழித்து அனுப்பினாய். ஒன்பது அட்டைகள் முழுதாகத் தெரிகின்றன, அவற்றில் ஒன்றாம் எண் இல்லை. மீதி மூன்றில் எண் இருக்கும் மூலை மட்டும் படத்திலிருந்து வெட்டப்பட்டிருக்கிறது. மூன்றிலும் ஒரே மூலை. ஸ்கேன் செய்த பையனின் கவனக்குறைவாக இருக்கலாம். ஆனால் ஒன்றாம் எண்ணில் துண்டைத் தவிர வேறு படம் இருந்தால் அது எதைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர். நான், மைமூன் அக்கா, நீ, அப்புறம் உன் முன்னுரையை அச்சுக்கு முன்பே படித்தவர்கள். அந்தப் பெரிய ஆளுக்கு நீ முன்னுரையைக் காட்டினாயா?

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க என்னிடம் வந்தாய். கார்டை நீட்டியபோது உன் கட்டைவிரல் கணக்கு மார்க்கின் மேல் இருந்தது. விரலுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா பார்த்தால் திட்டுவார் என்று நீ பயந்திருந்தாய், எனக்கு அன்று செய்தி அனுப்பும் அவசரம். விரலை எடு என்று சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். அன்று உனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நான் மறுபடியும் ஒன்பதரை பஸ்ஸில் வந்தவளாக இருக்கலாம். அதனால்தான் இந்த முறை கேட்டுவிட்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை அச்சுக்குக் கொடுப்பதாக ஒரு பத்திரிகையில் சொல்லியிருக்கிறேன். உனக்கு வியாழக்கிழமை கூரியரில் வந்துவிடும். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. அந்த மூன்று ஸ்லைடுகளையும் கையில் எடுத்து, மூலையில் என்ன எண் இருக்கிறது என்று எனக்கு எழுது. வெட்டியது யார் என்றும் எழுது. அது நீயாக இருந்தாலும் எழுது. நீ என்ன எழுதினாலும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் இதன் கீழே போடச் சொல்லியிருக்கிறேன். அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறார்கள்.

அம்மா